கோத்தகிரிப் பக்கம் பத்தாவது முடிக்கும் பையன்: பிளஸ் ஒன் எங்கே, எந்த குரூப், என்னென்ன பேப்பர் தேவை?

கீழ்க்கோத்தகிரி அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். பையன் எங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது. ஆறாவதிலிருந்தே அங்கேதான், தமிழ் வழி. அங்கே பத்து வரைதான், பிளஸ் ஒன்னுக்கு வெளியே போயே ஆகணும். அரையாண்டில் 500க்கு 402. கணக்கு 71, அறிவியல் 84. பி.சி. பிரிவு. பச்சைத் தேயிலைதான் எங்க வருமானம், அதனால பணம் கட்டுறதில் எல்லை உண்டு.

யோசனையில் மூணு இடம் இருக்கு. கோத்தகிரியில் அரசு மேல்நிலைப் பள்ளி. குன்னூரில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளி, நல்ல பேர். மூணாவது, கீழே சமவெளியில் விடுதியோட நீட் பயிற்சியும் தர்ற ஒரு தனியார் பள்ளி. அவங்க ஆள் வீட்டுக்கே வந்து, இப்பவே 10,000 கட்டினா சீட் உறுதின்னு சொல்லிட்டுப் போயிருக்கார். பையனுக்குக் கம்ப்யூட்டர் ஆசை. வீட்டம்மாவுக்கு டாக்டர் ஆசை. எனக்கு ஒண்ணும் புரியலை. எதை முதல்ல முடிவு பண்ணணும், எப்ப விண்ணப்பிக்கணும், என்ன பேப்பர் தயார் பண்ணணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாக்பீஸ்:

சார், அந்த 10,000 ரூபாயை இன்னும் கொடுக்கலைன்னா கொடுக்காதீங்க. காரணம் பணம் மட்டும் இல்லை.

உங்க பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. அதே வழியில் பிளஸ் டூ வரை முடிச்சா, கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை விரிவாச்சு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும் என்பதுதான் நிபந்தனை. கடைசி ரெண்டு வருஷம் தனியாருக்குப் போனா அந்த ஐந்து வருஷமும் கணக்கில் வராது. இதில் நிறையப் பேர் தவறுவது குன்னூர் மாதிரி இடத்தில்தான்: அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டில் சேராது. "எய்டட் ஸ்கூல்னா கவர்மென்ட் மாதிரிதானே" என்று நினைச்சுச் சேர்த்துட்டு, பிளஸ் டூ முடிச்சுக் கவுன்சலிங்கில் வந்து நிற்பவர்கள் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தா கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுது. தேயிலை வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உதவி பெறும் பள்ளியை மட்டம் தட்டுவதா நினைக்க வேண்டாம். அங்கே தமிழ் வழியில் படிச்சாலும் கல்லூரியில் அரசின் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். போவது 7.5 மட்டும்தான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க: அதே வளாகத்திலேயே சில வகுப்புகள் சுயநிதிப் பிரிவா இருக்கும், பெரும்பாலும் ஆங்கில வழிக் கம்ப்யூட்டர் சயின்ஸ். பலகையில் அரசு உதவி பெறும் பள்ளின்னு இருக்கும், ரசீது தனியார் கட்டணத்துக்கு வரும். "இந்த செக்‌ஷன் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா" என்று வாய்விட்டுக் கேளுங்க.

அப்புறம் குரூப். மொத்த மதிப்பெண் 402 என்பதை விடுங்க. கணக்கு 71, அதுதான் பார்க்கணும். பிளஸ் ஒன் கணக்கு பத்தாவதின் தொடர்ச்சி மாதிரி இருக்காது. இன்னொரு சிக்கல்: இயற்பியல் முதல் தொகுதியில் இரண்டாவது பாடமே இயக்கவியல். அதில் வெக்டரும் வகையீடும் (டிஃபரென்ஷியேஷன்) வந்துடும். கணக்குப் புத்தகத்தில் அந்த ரெண்டும் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கு. ஜூன், ஜூலையில் பையன்கள் "ஃபிசிக்ஸ் புரியலை" என்று வீட்டில் சொல்வது பாதி இதனால்தான். கணக்கு கைவராதவன் இந்த இடத்தில் மனசு விட்டுடுவான். இப்ப பரீட்சைக்கு இருக்கிற நாளில் இயற்கணிதமும் முக்கோணவியலும் உறுதியாக்கச் சொல்லுங்க. முடிஞ்ச பிறகு ஏப்ரல், மே சும்மா இருக்காம வகையீட்டின் அடிப்படையைப் பத்து நாள் யாராவது சொல்லிக்கொடுத்தா போதும்.

டாக்டர் ஆசைக்கும் கம்ப்யூட்டர் ஆசைக்கும் நடுவில் சண்டை வேண்டாம். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற பயோ மேக்ஸ் எடுத்தா பொறியியலும் உண்டு, நீட்டும் உண்டு. பொறியியலில் கம்ப்யூட்டர் சேர பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாறாக உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தா நீட் கதவு கிட்டத்தட்ட மூடிடும், உயிரியலைப் பிறகு தனியாப் படிச்சு முடிச்சாத்தான் உண்டு. தாவரவியல், விலங்கியல் என்று போகும் பியூர் சயின்ஸில் கணக்கு இல்லை, பொறியியல் போச்சு. ஆனா நாலு பாடத்தையும் தாங்குவானா என்பதை உங்க பள்ளிக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் கேளுங்க, உறவுக்காரங்ககிட்ட கேட்காதீங்க. உயிரியலில் மனப்பாடச் சுமை நிஜமாவே அதிகம். டாக்டர் ஆசை அம்மாவோடதா, பையனோடதா என்பதும் ஒரு கேள்வி.

இ-சேவை மேசை:

பேப்பர் விஷயம் நான் சொல்றேன். ரிசல்ட் வந்தபிறகு ஓடுவதுதான் எல்லாரும் செய்வது. ரிசல்ட் மே மாதம், மே மாதம் மலையில் சீசன். மலர்க் கண்காட்சி, வண்டி நெரிசல், தாலுகா அலுவலகத்தில் பாதிப் பேர் வேற டியூட்டி. இப்பவே முடிச்சுடுங்க.

முதலில் சாதிச் சான்றிதழ். ஆன்லைன் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தா புதுசு வேண்டாம், அது நிரந்தரம். இல்லைன்னா இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பம். கொண்டு போக வேண்டியது: பையன் ஆதார், ரேஷன் கார்டு, அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ், பையன் போட்டோ. பெற்றோர் ரெண்டு பேர் பெயரிலும் சான்று இல்லாத வீடுகளில்தான் வி.ஏ.ஓ. மேசையில் மனு தங்கும். அப்ப பெற்றோரின் பள்ளி மாற்றுச் சான்றிதழைச் சேர்த்து வைங்க. மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., பிறகு வட்டாட்சியர் அலுவலகம் என்று ஏறும். எண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க, எந்த மேசையில் நிற்குதுன்னு தெரியும். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் இன ஒதுக்கீடு பார்க்கிறாங்க. பி.சி.க்கு 26.5 சதவீதம். சான்று இல்லாம போனா உங்களைப் பொதுப் பிரிவில் வெச்சு வரிசை போட்டுடுவாங்க.

வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால் அதை மட்டும் இப்ப வாங்காதீங்க, ஏப்ரல் கடைசியில் வாங்குங்க. விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வேணும். பையன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கா, அது ஆதாரோடு இணைஞ்சிருக்கா பாருங்க.

அடுத்தது பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் ஒரு மாதிரி, சாதிச் சான்றில் இனிஷியல் பின்னால். இது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாயிட்டா திருத்துவது பெரிய வேலை, அதன் வழியா பிளஸ் டூ, கல்லூரி எல்லாத்துக்கும் தொத்திக்கும். பரீட்சைக்கு முன்னாடி தலைமையாசிரியரிடம் போய்ப் பெயர்ப்பட்டியல் விவரத்தைக் காட்டச் சொல்லுங்க. பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், நாலையும் ஆதாரை வெச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. ஊரில் கூப்பிடும் பெயர் உள்ளே நுழைஞ்சிருக்கும், ‘a’ ஒண்ணா ரெண்டா என்று ஆங்கில எழுத்தில் மாறியிருக்கும். இந்த ரெண்டும்தான் அதிகம் வர்ற பிழை.



டி.சி. வாங்கும் நாள் முக்கியம். இப்ப டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்திலிருந்துதான் எடுக்கிறாங்க. எடுத்ததும் பையன் பெயர் பழைய பள்ளிக் கணக்கிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போகணும். அப்பத்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் இழுக்க முடியும். காகிதம் கையில் இருக்கும், எமிஸில் பையன் இன்னும் பழைய பள்ளியிலேயே உட்கார்ந்திருப்பான். புதுப் பள்ளியில் "நாளைக்கு வாங்க" என்பாங்க. கீழ்க்கோத்தகிரிக்கு ஏறி இறங்கி ஒரு நாள் கூலி போச்சு. அதனால டி.சி.யை வாங்கின இடத்திலேயே "எமிஸ்ல விட்டாச்சா சார்" என்று கேட்டுட்டு, எமிஸ் எண்ணை டி.சி. நகலின் பின்னால் பென்சிலில் எழுதி வெச்சுட்டு இறங்குங்க.

அசல் மதிப்பெண் சான்று பிறகுதான் வரும். தற்காலிகச் சான்றிதழை அரசுத் தேர்வுகள் இயக்ககத் தளத்தில் இறக்கிக்கலாம், அல்லது பள்ளியில் தருவாங்க. டி.சி. ஒரு பள்ளியில் கொடுத்துட்டா திரும்ப வராது. கொடுக்கும் முன் ஐந்து நகல், மதிப்பெண் சான்று ஐந்து நகல், சாதிச் சான்று ஐந்து நகல், போட்டோ எட்டு.

குன்னூர் ரோடு:

சாக்பீஸ் சொன்னதில் பாதி ஒப்புக்கறேன். ஆனா 7.5ஐயும் குரூப்பையும் மட்டும் வெச்சு மலையில் பள்ளி தேர்ந்தெடுக்க முடியாது. பஸ்ஸை வெச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும்.

உங்க ஊரிலிருந்து கோத்தகிரி வர எவ்வளவு நேரம், முதல் பஸ் எப்ப, கடைசிப் பஸ் எப்ப, இந்த மூணையும் ஒரு காகிதத்தில் எழுதுங்க. கோத்தகிரியிலிருந்து குன்னூர் இன்னும் 20 கிலோமீட்டர் இருக்கும், ஊட்டின்னா தொட்டபெட்டா வழியா 30. பிளஸ் டூவில் காலையிலும் சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பாங்க. சாயங்கால வகுப்பு முடிஞ்சு குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்னு, கோத்தகிரியில் இறங்கி, ஊர்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்து, நிறுத்தத்திலிருந்து தேயிலைத் தோட்டம் வழியா நடந்தா இருட்டிடும். உங்க பக்கம் கரடியும் காட்டெருமையும் எந்த நேரத்தில் இறங்கும்னு உங்களுக்கே தெரியும். மே மாசம் சேர்க்கும்போது ஏழு மணி வரை வெளிச்சம் தெரியும். டிசம்பரை நினைச்சு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருசு. அக்டோபர், நவம்பரில் மண் சரியும், ரோடு அடைக்கும். 2009 நவம்பர் மண்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அதை அடுத்து டிசம்பரில் அரையாண்டு. பாடம் வேகமா ஓடுற நேரத்தில்தான் பையன் வீட்டில் மாட்டிக்குவான். ஆட்சியர் தாலுகா தாலுகாவாத்தான் விடுமுறை விடுவார். உங்க தாலுகாவில் மழை கொட்டும், குன்னூரில் பள்ளி நடக்கும். வருகைக்கும் அகமதிப்பீட்டில் பங்கு உண்டு.

இலவச பஸ் பாஸ் பிளஸ் டூ வரை உண்டு, அரசுப் பஸ்ஸுக்குத்தான். மினி பஸ்ஸில் ஏறினா காசுதான். கடைசி நாலு கிலோமீட்டர் மினி பஸ்ஸா இருந்தா மாதச் செலவில் அதையும் எழுதுங்க. பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிளும் கொடுப்பாங்க, நம்ம மேட்டில் அதைப் பையன் ஓட்டுறானா, சைக்கிள் பையனை இழுக்குதா என்பது வேற கதை.

பயணம் ஒரு பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல போனா என் கருத்து விடுதிதான். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் இடமும் சாப்பாடும் இலவசம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் குறைஞ்சது 8 கிலோமீட்டர் இருக்கணும், வருமான வரம்பும் உண்டு. விண்ணப்பப் படிவம் விடுதிக் காப்பாளரிடமே கிடைக்கும். அரசுப் பள்ளியும் அரசு விடுதியும் சேர்த்து எடுத்தா 7.5உம் போகாது. பகலில் ஒரு தடவை போய்ப் பாருங்க: ஜன்னல் கண்ணாடி முழுசா இருக்கா, கம்பளி எத்தனை, வெந்நீர் உண்டா, ராத்திரி படிக்க விளக்கு எங்கே. குளிரில் படுக்க முடியாத விடுதியில் படிப்பு நடக்காது.

சாக்பீஸ்:

பஸ் விஷயத்தில் நீங்க சொல்வதுதான் சரி, அதை நான் விட்டுட்டேன். விடுதி தவிர ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மாதிரிப் பள்ளி உண்டு, தங்கிப் படிப்பது. அதுவும் அரசுப் பள்ளிக் கணக்குத்தான். அதில் பிளஸ் ஒன்னுக்கு இடம் உண்டா என்று உங்க தலைமையாசிரியரிடம் கேளுங்க, பள்ளி வழியாத்தான் அது நடக்கும்.

பள்ளியை நேரில் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது என்று சொல்றேன். சதவீதப் பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். "உங்க குரூப்பில் நாலு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்காங்களா, யாராவது பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் இருக்காங்களா" என்று கேளுங்க. மலைப் பள்ளிகளின் நிரந்தரச் சிக்கல் இது. பொது மாறுதல் கலந்தாய்வு வந்ததும் சமவெளி ஆட்கள் கீழே இறங்கிடுவாங்க, இடம் மாதக்கணக்கில் காலி. பிப்ரவரியில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர் ஜூலையில் இருப்பார்னு உறுதி இல்லை. சேரும் வாரத்தில் திரும்ப ஒரு தடவை கேளுங்க.

ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்க, தயங்க வேண்டாம். வேதியியல் செய்முறைக்கான பியூரெட் என்ற அளவுக் குழாயின் முனையைப் பாருங்க. உப்புப் பூத்து, அடைப்பான் திருகவே வராம இறுகியிருந்தா அந்த வருஷம் யாரும் டைட்ரேஷன் செய்யலைன்னு அர்த்தம். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கைப்பழக்கம் இல்லாதவன் 20ஐ எப்படியோ வாங்கிடுவான், கல்லூரியில் மாட்டிக்குவான்.

இப்ப அந்த சமவெளிப் பள்ளி. பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2017-18இல் கொண்டுவந்தாங்க. அதுக்கு முக்கியக் காரணமே, சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாம ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருப்போட வெச்சதுதான். 2025-26 முதல் அந்தத் தேர்வு எடுத்தாச்சு. பழைய பழக்கம் திரும்ப வரலாம். நீட்டில் கேள்விகள் ரெண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வருது, அப்ப பிளஸ் ஒன்னை விட்டவன் நீட்டில் எப்படி நிற்பான்? அவங்க ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "செப்டம்பரில் பிளஸ் ஒன் பையன் எந்தப் புத்தகத்தை வெச்சிருப்பான்?" கட்டணத்தில் அரசின் கட்டண நிர்ணயக் கமிட்டி நிர்ணயித்த தொகை எவ்வளவு, நீட் பயிற்சி, விடுதி, புத்தகம் தனித்தனியா எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்க. வாயால் சொன்ன தொகைக்கு ரசீது வராது.

கூடலூர் சைடு:

இதைப் படிக்கும் எங்க பக்கத்துக்காரங்களுக்கு ரெண்டு வரி. பழங்குடிச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான். நேரில் விசாரணை உண்டு, அதனால பத்தாவது தொடங்கும்போதே மனு போட்டுடணும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிச்ச வருஷங்களும் 7.5க்கு அரசுப் பள்ளியாகவே கணக்கு, அதுக்காகப் பள்ளி மாற வேண்டாம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் சாதிச் சான்று தட்டினா தாத்தா காலத்து மண்டபம் முகாம் குடும்ப அட்டையைத் தேடுங்க, அதில் விவரம் இருக்கும். லேமினேஷன் போடாதீங்க, மடிப்பு கிழிஞ்சிருந்தாலும் அப்படியே நகல் எடுங்க. கேரளாவின் சுல்தான் பத்தேரி பக்கத்தில்தானே என்று பிளஸ் ஒன்னுக்கு எல்லை தாண்டுறவங்களுக்கு 7.5 கிடையாது.

கீழ்க்கோத்தகிரி அப்பா:

எல்லாருக்கும் நன்றி. முதல் பஸ் ஏழரைக்கு, கோத்தகிரிக்கு 50 நிமிஷம். கடைசிப் பஸ் ஆறு மணி. அப்ப குன்னூர் கணக்கில் வராது. கோத்தகிரி அரசுப் பள்ளின்னு முடிவு பண்றேன். ரெண்டு சந்தேகம். பயோ மேக்ஸ் எடுத்தா கட் ஆஃப் எப்படி? தமிழ் வழியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் மாத்தலாமா, அங்கே ரெண்டும் இருக்குங்கறாங்க.

சாக்பீஸ்:

பொறியியல் கட் ஆஃப் 200க்கு. கணக்கு அப்படியே 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50. கணக்கு 80, இயற்பியல் 76, வேதியியல் 84 எடுத்தா 80 + 38 + 42 = 160. பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். உயிரியல் இதில் சேராது, மொழிப்பாடமும் சேராது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண் மட்டும். கணக்கு ஒரு மதிப்பெண் குறைஞ்சா முழு ஒண்ணு போகும், இயற்பியலில் குறைஞ்சா அரை. அதனாலதான் 71ஐப் பிடிச்சுக்கிட்டுப் பேசினேன்.

மீடியம்: டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒண்ணாவதிலிருந்தே தமிழ் வழியா இருக்கணும். பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் வேலைன்னா பட்டம் வரை. பொறியியல் போகப்போறவன்னா இது பெரும்பாலும் எப்படியும் அறுந்துடும். கலை அறிவியல் போய் குரூப் தேர்வு எழுதுற எண்ணம் இருந்தா மாத்தாதீங்க. மாத்தினா முதல் மூணு மாசம் மதிப்பெண் சரியும், அதுக்குத் திட்டாதீங்க. தமிழ்ப் புத்தகத்தையும் கூடவே வெச்சுக்கட்டும், பாடம் ஒண்ணுதான், படமும் கணக்கும் ஒண்ணுதான்.

விண்ணப்பத்தில் குரூப் விருப்பம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கேட்பாங்க. முதல் இடத்தை மட்டும் நிரப்பிட்டு வராதீங்க. பயோ மேக்ஸ் நிரம்பிட்டா அடுத்த விருப்பத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டாவதா கம்ப்யூட்டர் சயின்ஸ், கணக்கோட இருக்கும் குரூப்.

இ-சேவை மேசை:

ரிசல்ட் வந்த மறுநாளே படிவம் வாங்கிடுங்க. கைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்க வீட்டில் சிக்னல் கிடைக்கும் எண்ணைக் கொடுங்க. பட்டியலில் பெயர் வந்தா அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவாங்க, ஒரு நாள் எடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. தோட்டத்தில் இலை பறிக்கும்போது சிக்னல் இல்லைன்னா கோத்தகிரியில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் எண்ணையும் ரெண்டாவதா எழுதுங்க.

கூடவே ஒரு விஷயம், கட்டணப் பாக்கியைக் காட்டி எந்தப் பள்ளியும் டி.சி.யைப் பிடிச்சு வைக்கக் கூடாது, அதிலே பாக்கின்னு எழுதவும் கூடாது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியாச்சு. உங்களுக்கு இப்ப தேவைப்படாது, அந்த சமவெளிப் பள்ளியில் ஏற்கெனவே பணம் கட்டிட்டு இதைப் படிக்கிறவங்களுக்குத் தேவைப்படும்.